அக்டோபர் நியூ ஃபாரஸ்ட் நடை: எல்லாரும் கேக்கற கேள்விங்க, என்னோட பதில்

அக்டோபர் பொறந்தா போதும், நம்ம வாட்ஸப் குரூப்ல "அக்கா ஷூ என்ன போடணும்", "அக்கா குதிரை கடிக்குமா", "அக்கா டாய்லெட் இருக்கா"னு ஆரம்பிச்சிடும், நானும் வாய்ஸ் நோட்டா அனுப்பி அனுப்பி தொண்டை கட்டிக்கும், அடுத்த வருஷம் அதே கேள்வி அதே ஆளுங்ககிட்ட இருந்து திரும்ப வரும். அதனால இந்த தடவை எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். முழுசா படிச்சிட்டு அப்பறம் கேளுங்க, ப்ளீஸ்.

எங்க போறோம், எவ்ளோ தூரம்?

இங்கிலாந்தோட தெற்கு பக்கம், சவுத்தாம்ப்டன் தாண்டி ஹாம்ப்ஷயர்ல இருக்கற நியூ ஃபாரஸ்ட். பியூலி ரோடுங்கற குட்டி ஸ்டேஷன்ல இறங்கறோம் (எழுத்துக்கூட்டி படிச்சா என்னென்னமோ வரும், வாயில சொல்றது பியூலி). அங்க இருந்து ஹீத்தை குறுக்கா கடந்து, டென்னி வுட்ங்கற பழைய காட்டுக்குள்ள போயி, அதுக்கு அந்தாண்ட வேலி போட்டு வளர்த்த மரக்காடுங்க வழியா நடந்து, ஸ்டேண்டிங் ஹேட், பாமர் லான் வந்து ப்ராக்கென்ஹர்ஸ்ட் ஸ்டேஷன்ல முடிக்கறோம். சுமார் 11 கிலோமீட்டர். மேடு பள்ளம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது. வெள்ளைக்காரங்க மூணு மணி நேரத்துல முடிச்சிடுவாங்க, நமக்கு அஞ்சு மணி நேரம், ஏன்னா நாம நின்னு நின்னு சாப்பிடுவோம்.

நியூ ஃபாரஸ்ட்னா புதுசா நட்ட காடா?

இல்ல இல்ல. 1079ல முதலாம் வில்லியம் ராஜா தனக்கு வேட்டையாடறதுக்குனு ஒதுக்கி வச்ச இடம். அப்போ புதுசு, அந்த பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு, தஞ்சாவூர் பெரிய கோயில் கட்டி முடிச்சு ஒரு 70 வருஷத்துக்கு அப்பறம்னு நெனச்சுக்கோங்க. இன்னொண்ணு, அந்த காலத்துல ஃபாரஸ்ட்னா மரம் அடர்ந்த இடம்னு அர்த்தம் இல்ல, ராஜாவோட வேட்டை சட்டம் செல்லுபடியாகற எல்லைனு அர்த்தம். அதனாலதான் "காட்டுக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்லிட்டு பொட்டல்ல இறக்கி விட்டுட்டீங்களே"னு முதல் வருஷம் எல்லாரும் என்னை திட்டினாங்க. பாதிக்கு பாதி திறந்தவெளிதான். நேஷனல் பார்க்னு அறிவிச்சது 2005ல.

சரி, ஹீத்னா என்ன? தமிழ்ல என்ன சொல்றது?

ஒத்த வார்த்தை எனக்கு கிடைக்கல. மரம் இல்லாத வெட்டவெளி, முழங்கால் உசரத்துக்கு ஹெதர் செடி, நடுநடுவுல முள்ளு முள்ளா கோர்ஸ் புதர், கீழ மணலும் கறுப்பு மண்ணும். எங்க அம்மா வந்தப்ப ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு "நம்ம புதுக்கோட்டை பக்கம் பொட்டக்காடு மாதிரிதான் இருக்கு, என்ன, குளிருது"ன்னாங்க. அதுக்கு மேல விளக்கம் தேவையில்லனு நெனைக்கறேன்.

ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு நடந்தீங்கனா அந்த இடமே வேற மாதிரி தெரியும். இது தானா வந்த நிலம் இல்ல. வெண்கல காலத்துலயே மனுஷங்க இங்க மரத்த வெட்டி மாடு மேய்ச்சிருக்காங்க, ஏற்கனவே சத்து கம்மியான மணல் மண்ணு, மழையில இன்னும் கரைஞ்சு புளிச்சு போச்சு, அதுல ஹெதர் மாதிரி செடிதான் நல்லா வரும். இப்பவும் குதிரையும் மாடும் மேயறதாலதான் இது ஹீத்தா இருக்கு. மேய்ச்சல நிறுத்திட்டா கொஞ்ச வருஷத்துல பர்ச், பைன் கன்னு எல்லாம் முளைச்சு மரக்காடாயிடும். அதுக்காகவே குளிர்காலத்துல பகுதி பகுதியா கணக்கு பண்ணி எரிக்கவும் செய்றாங்க, கருகின கட்டம் ஒண்ணு ரெண்டு கண்ணுல படும், யாரும் சிகரெட் போட்டுட்டாங்கனு பதறாதீங்க. இங்கிலாந்துல இந்த மாதிரி தாழ்நில ஹீத்ல 80 சதவீதத்துக்கு மேல 1800க்கு அப்பறம் வயலாவும் வீடாவும் மரத்தோட்டமாவும் மாறிடுச்சு. அதுல மிச்சம் நிக்கறதுல பெரிய துண்டு இங்கதான்.

கோர்ஸ் பூவ மறக்காம மோந்து பாருங்க. மஞ்ச பூ, அங்கங்க எந்த மாசத்துலயும் ரெண்டு பூத்திருக்கும், வெயில் பட்ட பூவா இருந்தா அப்படியே தேங்காய் வாசனை. போன வருஷம் ஒருத்தங்க "யாரோ பாராசூட் தடவிட்டு வந்திருக்காங்க"னு சுத்தி சுத்தி தேடினாங்க. முள்ளு மேல மூக்க வைக்காதீங்க, அவ்ளோதான்.

ஆகஸ்ட்ல ஹெதர் பூத்து ஊதாவா இருக்குமாமே, அப்ப போகாம ஏன் அக்டோபர் கடைசில?

உண்மைதான், ஆகஸ்ட் செப்டம்பர்ல ஹீத் முழுக்க ஊதா விரிப்பு. ஆனா அப்ப கூட்டமும் அப்படித்தான், காடும் வெறும் பச்சை. அக்டோபர் கடைசில ஹெதர் காஞ்சு காப்பித்தூள் கலர், பெரணி எல்லாம் துரு புடிச்ச இரும்பு கலர், பீச் மரம் (மெரினா இல்லீங்க, மரத்தோட பேரே அதான்) தங்கமா மாறிட்டிருக்கும். டென்னி வுட்டுக்குள்ள நுழையற அந்த இடத்துல, வெட்டவெளில காத்து காதுல அடிச்சிட்டே வந்தது சட்டுனு நின்னு போயி, தலைக்கு மேல மஞ்ச வெளிச்சம் மட்டும் இருக்கும். எப்பவும் அந்த இடத்துல பேச்சு தானா நின்னுடும், நம்ம குரூப்ல அது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

தேதி எப்படி முடிவு பண்றேன்னா, கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கற ஞாயித்துக்கிழமைக்கு முந்தின சனி. அன்னிக்கு சூரியன் மறையறது சுமார் 5:50. அடுத்த வாரம் போனோம்னா 4:40க்கே இருட்டிடும், அஞ்சு மணி நேர குரூப்புக்கு அது கட்டுப்படி ஆகாது. பத்தரைக்கு நடக்க ஆரம்பிச்சே ஆகணும்னு நான் கத்தறது இதுக்குதான்.

நம்ம கணக்குல ஐப்பசி, கூதிர்காலம். ஊர்ல அடைமழை, இங்க இலை மழை.

நான் ஃபாஸ்ட்டா நடப்பேன், முன்னாடி போயி வெயிட் பண்ணவா?

வேணாம். இதுல மட்டும் நான் கொஞ்சம் கறார்.

காரணம் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி 23 பேர் போனோம். மரக்காட்டுக்குள்ள ஜல்லி பாதை குறுக்கும் நெடுக்குமா போகும், ஒவ்வொரு கூட்டு ரோடும் அச்சு அசலா ஒண்ணு போலவே இருக்கும், அதே பைன், அதே கேட், அதே ஜல்லி. வேகமா போன ரெண்டு தம்பிங்க "நேராதான் போகணும்"னு நேரா போயிட்டாங்க, நாங்க வலது திரும்பிட்டோம். போன் பண்ணா சிக்னல் இல்ல. நாப்பது நிமிஷம் அங்கயே நின்னோம். அப்பறம் அவங்களே திரும்பி வந்தாங்க, சிரிச்சிட்டே வந்தாங்க, ஆனா கூட வந்த அவங்க அம்மா முகத்த நான் பாத்தேன், சிரிக்கற மாதிரி இல்ல.

அதுக்கப்பறம் வச்ச விதி இது. இருக்கறதுலயே மெதுவா நடக்கறவங்கதான் முதல் ஆள். அவங்க வேகம்தான் எல்லாருக்கும். முதல்ல "அய்யய்யோ என்னாலதான் லேட்டு"னு கூச்சப்படுவாங்க, கொஞ்ச நேரத்துல ராணி மாதிரி நடப்பாங்க. வேகமா நடக்கறவங்கள்ல ஒருத்தர் ஆரஞ்சு கோட் போட்டுட்டு கடைசில வரணும், அவர தாண்டி பின்னாடி யாரும் நிக்கக்கூடாது. ஒவ்வொரு கேட்லயும் தலை எண்ணுவேன், ஆரஞ்சு கோட்தான் கேட்ட சாத்தணும். கேட் திறந்து கிடந்தா மாடும் குதிரையும் இளங்கன்னு மரத்துக்குள்ள பூந்துடும், அந்த வேலியே அதுக்குதான் போட்டிருக்கு.

அந்த குதிரைங்க காட்டுக்குதிரையா? தொடலாமா, கேரட் குடுக்கலாமா?

பாத்தா ஓனர் இல்லாம சுத்தற மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஓனர் உண்டு. நம்ம ஊர்ல மட்டக்குதிரைனு சொல்வோமே, அந்த சைஸ், மொத்தம் சுமார் 5,000 இருக்கும். இங்க சில வீட்டுக்கும் நிலத்துக்கும் பரம்பரையா மேய்ச்சல் உரிமை ஒட்டிக்கிட்டு வருது, வீட்ட வாங்கினா உரிமையும் கூட வரும், அந்த உரிமைய வச்சு மேய்க்கறவங்கள காமனர்னு சொல்றாங்க. நம்ம ஊரு மேய்ச்சல் புறம்போக்கு மாதிரினு வச்சுக்கோங்க, ஆனா ஆக்கிரமிப்பு ஆகாம தப்பிச்சது. இத பாத்துக்க வெர்டரர்னு ஒரு சபை, லிண்ட்ஹர்ஸ்ட்ல அவங்களுக்குனு ஒரு கோர்ட்டே இன்னிக்கும் கூடுது. அவங்களுக்கு கீழ அஜிஸ்டர்னு கள ஆளுங்க.

குதிரையோட வால பாருங்க, படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும். இலையுதிர் காலத்துல எல்லாத்தையும் ஓட்டிட்டு வந்து பட்டியில அடைச்சு, மேய்ச்சல் கட்டணம் கட்டின குதிரைக்கு அடையாளமா வால வெட்டி விடுவாங்க, ஒவ்வொரு அஜிஸ்டருக்கும் ஒரு வெட்டு. ரசீது வால்லயே இருக்கு! நாம இறங்கற ஸ்டேஷனுக்கு பக்கத்துலயே மரப்பட்டி வரிசையா தெரியும், குதிரை சந்தை நடக்கற இடம் அது.

தொடக்கூடாது, எதுவும் குடுக்கக்கூடாது. 2023ல இதுக்கு தடை உத்தரவே போட்டாங்க, மீறினா 100 பவுண்ட் அபராதம்னு. ஃபைன விடுங்க, தீனி குடுத்து பழகின குதிரை ரோட்டோரமா வந்து கார எதிர்பாத்து நிக்கும், ராத்திரில வண்டி அடிச்சிடும். அதோட கடிக்கும், உதைக்கும். மூணாவது வருஷம் ஒரு அண்ணன் பையை கீழ வச்சுட்டு போட்டோ எடுக்க போனாரு, திரும்பி பாத்தா ஒரு செவலை குதிரை ஜிப்புக்குள்ள மூஞ்சிய விட்டு தீபாவளி முறுக்கு மொத்தத்தையும் தின்னுட்டிருக்கு. அண்ணி ரெண்டு நாள் உக்காந்து சுட்ட முறுக்கு. எங்களுக்கு சிரிப்பு, எனக்கு மட்டும் சாயந்தரம் வரைக்கும் அந்த குதிரைக்கு வயிறு என்ன ஆகுமோனு பயம். பைய தோள்ல இருந்து இறக்காதீங்க.

பன்னி வருதாமே?

ஆமா, அதான் எனக்கு இந்த நடையிலயே ரொம்ப புடிச்ச விஷயம். ஓக் மரத்துக் கொட்டை விழற சீசன் இது. பச்சை ஓக் கொட்டைய குதிரையும் மாடும் அதிகமா தின்னா விஷம், செத்தே போகும். பன்னிக்கு அது விருந்து. அதனால செப்டம்பர் நடுவுல இருந்து ரெண்டு மாசம் போல காமனருங்க தங்களோட பன்னிய காட்டுக்குள்ள அவுத்து விடறாங்க, பேனேஜ்னு பேரு, வில்லியம் ராஜா காலத்துல இருந்து வர்ற வழக்கம். மண்ண ரொம்ப ஆழமா தோண்டக்கூடாதுனு மூக்குல வளையம் மாட்டியிருப்பாங்க.

கண்ணுல படறதுக்கு முன்னாடி காதுல விழும். சருகுக்குள்ள கரக் கரக்னு, யாரோ பக்கத்துல உக்காந்து பட்டாணி கடிக்கற மாதிரி. போன தடவை மத்தியானம் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப ஆறு பன்னி, ஒண்ணு வெள்ளைல கறுப்பு திட்டு, மூஞ்சி முழுக்க மண்ணு, எங்கள ஏறெடுத்தும் பாக்கல. கொட்டைய வாயில போட்டு உடைச்சு ஓட்ட மட்டும் ஓரமா துப்பிட்டு அடுத்தது. ஒரு குட்டிப்பொண்ணு "அம்மா அது தோல் உரிச்சு சாப்பிடுது, நான் மட்டும் ஆப்பிள தோலோட சாப்பிடணுமா"னு கேட்டுச்சு, யாருக்கும் பதில் வரல.

கட்டாயம் பாப்போம்னு நான் கேரண்டி குடுக்கல. குட்டியோட இருக்கற தாய் பன்னி பக்கம் மட்டும் போகாதீங்க.

சேறு இருக்குமா?

சேறுனா நீங்க நெனைக்கற சேறு இல்ல. ஹீத்தோட பள்ளத்துல எல்லாம் சதுப்பு. தூரத்துல இருந்து பாத்தா சுத்தி எல்லாம் காஞ்ச கலரா இருக்கறப்ப அங்க மட்டும் பளபளனு பச்சையா, மெத்தை விரிச்ச மாதிரி இருக்கும். அழகா இருக்கேனு காலை வச்சா கதை முடிஞ்சுது. அது பாசி, கீழ தண்ணியும் கரைஞ்ச மண்ணும்.

புது வெள்ளை ஸ்னீக்கர்ஸ் போட்டுட்டு ஒரு தம்பி வந்தான், சொன்னா கேக்கல, பாதை வளைஞ்சு போகுது நான் நேரா வரேன்னு ஒரே ஒரு அடி. முழங்கால் வரைக்கும் உள்ள. ரெண்டு பேர் கைய புடிச்சு இழுத்தோம், ப்ளக்னு ஒரு சத்தம், கால் வந்துச்சு, ஷூ வரல. கம்ப விட்டு துழாவி பாத்தோம், ம்ஹூம். காலுல ரெண்டு சாக்ஸ் போட்டு மேல பிளாஸ்டிக் பை கட்டிட்டு மீதி எட்டு கிலோமீட்டர் நடந்தான் பாவம். பச்சை பளபளப்ப கண்டா சுத்தி போங்க. குதிரை தடம் போற வழில போங்க, அதுங்களுக்கு தெரியும்.

இந்த சதுப்ப சுத்தி பக்கத்துலயே பிஷப்ஸ் டைக்னு ஒரு பழைய மண்கரை இருக்கு. ஒரு நாள்ல முட்டி போட்டு தவழ்ந்து சுத்தி வர்ற அளவு நிலம் உனக்குனு ராஜா சொன்னாராம், பிஷப் தவழ்ந்தே சுத்திட்டாராம். கதைதான். ஆனா அவ்ளோ கஷ்டப்பட்டு இந்த சேத்தையா வாங்கினாருனுதான் எனக்கு தோணும்.

அப்ப என்ன ஷூ, என்ன ட்ரெஸ்?

கணுக்கால மறைக்கற வாக்கிங் பூட், பழசானாலும் பரவால்ல. புது பூட்டா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே வீட்டு பக்கம் போட்டு பழக்குங்க, இல்லனா கொப்புளம். ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது, கனக்கும், குளிரும். தண்ணி புகாத கோட், எக்ஸ்ட்ரா சாக்ஸ், குல்லா. குடை ஹீத்ல நிக்காது, காத்து ஒடச்சிடும்.

சாப்பாடு?

வழில கடை கிடையாது. அவங்கவங்க டப்பா, ஆனா எப்பவும் நடக்கறது என்னன்னா எல்லாரும் புளிசாதம் கொண்டு வந்துடுவாங்க. இந்த தடவை லிஸ்ட் போடறேன். போன வருஷம் ஹிட் ஆனது பொடி தடவின மினி இட்லி, ஆறினாலும் நல்லாருக்கும், கையும் அழுக்காகாது. ஃப்ளாஸ்க்ல டீ கட்டாயம். அடுப்பு, பார்பிக்யூ எதுவும் கூடாது, அதுவும் தடைதான், காஞ்ச ஹெதர் பத்திக்கிச்சுனா நிக்காது. வாழப்பழ தோல், ஆரஞ்சு தோல் உட்பட எல்லாம் திரும்ப பைக்குள்ள. "மக்கிடும்"னு யாரும் ஆரம்பிக்காதீங்க.

டாய்லெட்?

ட்ரெய்ன்லயே போயிடுங்க. பியூலி ரோடு ஸ்டேஷன்ல ஒண்ணும் கிடையாது. அடுத்தது ப்ராக்கென்ஹர்ஸ்ட். நடுவுல இயற்கைதான், பாதைல இருந்தும் ஓடைல இருந்தும் நல்லா தள்ளி போங்க, டிஷ்யூவ ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க.

காளான் பறிக்கலாமா? நாங்க ஊர்ல பறிச்சிருக்கோமே.

பறிக்கக்கூடாது. இங்க காட்ட நிர்வாகம் பண்றவங்க யாரும் பறிக்க வேணாம்னு கேட்டுக்கறாங்க, காளான நம்பி பூச்சியும் மரமும் இருக்கு. அதோட, மழை பெஞ்சா புத்து பக்கம் முளைக்கற நம்ம காளான் அறிவு இங்க உதவாது. டெத் கேப்னு ஒண்ணு, வெளிறின பச்சைல சாதுவா இருக்கும், ஒண்ணு தின்னாலே ஈரல் போயிடும். பர்ச் மரத்தடில சிவப்புல வெள்ளை புள்ளி போட்ட குடை நிக்கும், குழந்தைங்க கதை புக்ல வர்றதேதான், அதுவும் விஷம். போட்டோ எடுங்க, தாராளமா.

மான் பாக்கலாமா?

சான்ஸ் உண்டு. அக்டோபர் ஜோடி சேர்ற காலம், கிடா மான் காட்டுக்குள்ள உறுமும், மானா பன்னியானு சந்தேகம் வர்ற மாதிரி ஒரு கரகர சத்தம். அந்த நேரத்துல அதுக்கு கோவம் ஜாஸ்தி. செல்ஃபிக்கு கிட்ட போகாதீங்க.

பாம்பு, பூச்சி?

இங்க ஒரே ஒரு விஷப்பாம்பு, ஆடர்னு ஒரு விரியன் வகை, இந்த நேரத்துக்கு அது குளிர்கால தூக்கத்துக்கு போக ஆரம்பிச்சிருக்கும். நான் பயப்படறது உண்ணிக்குதான். பெரணிலயும் புல்லுலயும் கடுகு சைஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், லைம்னு ஒரு நோய பரப்பும். பேண்ட சாக்ஸுக்குள்ள சொருகுங்க, பாக்க கேவலமா இருந்தாலும் பரவால்ல. வீட்டுக்கு போனதும் முட்டிக்கு பின்னாடி, இடுப்பு, அக்குள், குழந்தைங்களுக்கு தலைமுடி ஓரம் பாத்துடுங்க. ஒட்டியிருந்தா கூர் மொனை ட்வீசர்ஸால தோல ஒட்டி புடிச்சு நேரா மேல மெதுவா இழுக்கணும். எண்ணெய் விடறது, நெருப்புல சுடறது எல்லாம் பண்ணாதீங்க. அடுத்த சில வாரத்துல வட்டமா சிவப்பு பரவினாலோ ஃப்ளூ மாதிரி இருந்தாலோ ஜிபிகிட்ட (நம்ம ஏரியா டாக்டர்) "உண்ணி கடிச்சுது"னு சொல்லி காமிங்க.

குழந்தைங்க, பெரியவங்க வரலாமா?

ஏழெட்டு வயசுக்கு மேல நடக்கற புள்ளைனா தாராளமா. தள்ளுவண்டி ஹீத்ல உருளாது. போன வருஷம் முதல் ஆளா நடந்தது 71 வயசு அத்தை ஒருத்தங்க, புடவைக்கு மேல ரெயின்கோட், கால்ல பேரனோட பூட். முட்டி வலி இருக்கறவங்க குச்சி கொண்டு வாங்க, மாத்திரை மறக்காதீங்க.

ட்ரெய்னா காரா?

ட்ரெய்ன். ஒரு ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு இன்னொண்ணுல முடிக்கறோம், கார் எடுத்துட்டு வந்தா திரும்ப போயி எடுக்கணும். லண்டன் வாட்டர்லூல ஏறி சவுத்தாம்ப்டன் சென்ட்ரல்ல மாறணும், பியூலி ரோட்ல எல்லா வண்டியும் நிக்காது, அதனால அந்த ஒரு வண்டிய விட்டா அவ்ளோதான். மூணுல இருந்து ஒம்பது பேர் சேர்ந்து குரூப்சேவ்ல எடுத்தா கூட்டம் இல்லாத நேர டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும். கார்லதான் வருவேன்னு அடம் புடிக்கறவங்களுக்கு, வேலி இல்லாத ரோட்ல 40 மைல்தான் லிமிட், இருட்டினப்பறம் கறுப்பு மாடு நடு ரோட்ல படுத்திருக்கும், தெரியாது.

சிக்னல் இல்லனா வழி எப்படி தெரியும்?

மேப்ப முதல் நாளே போன்ல டவுன்லோட் பண்ணிடுங்க. என்கிட்ட ஆர்டனன்ஸ் சர்வே பேப்பர் மேப் இருக்கும், ஓஎல் 22ம் நம்பர்.

ராஜா அம்பு பட்டு செத்த இடத்த பாப்போமா?

1100ல முதலாம் வில்லியமோட மகன் வில்லியம் ரூஃபஸ் ராஜா செத்ததா சொல்ற கல்லு தானே? அது காட்டோட வடக்கு பக்கம், நம்ம வழில இல்ல.

மழை பெஞ்சா கேன்சலா?

மழைக்கு கேன்சல் இல்ல. புயல் எச்சரிக்கை இருந்தா கேன்சல், பழைய பீச் மரம் காத்துல கிளைய போட்டுடும். வெள்ளி ராத்திரி எட்டு மணிக்கு குரூப்ல ஒரே ஒரு மெசேஜ் போடுவேன், அதுக்கு முன்னாடி "அக்கா வெதர் ஆப் பாத்தீங்களா"னு யாரும் கேக்க வேணாம், பாத்துட்டுதான் இருப்பேன்.

சேறோட ட்ரெய்ன்ல ஏறினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

சொல்ல மாட்டாங்க, ஆனா பாப்பாங்க. பையில ஒரு ஹவாய் செருப்பும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் வச்சுக்கோங்க, ப்ராக்கென்ஹர்ஸ்ட் பிளாட்ஃபார்ம்ல வரிசையா உக்காந்து பூட்ட கழட்டி கவர்ல போட்டு கட்டிடலாம். கவர் மேல பேர் எழுதுங்க, போன வருஷம் ரெண்டு பேர் பூட் மாறி போயி லண்டனோட ரெண்டு கோடியில, ஒண்ணு ஈஸ்ட்ஹாம்லயும் ஒண்ணு ஹாரோலயும் ரெண்டு வாரம் இருந்துச்சு.